கிழக்கில் எழுதிய ஒன்பது

மாலை வகுப்பில் எங்கள் ஆசிரியை ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஊரில் உள்ள ஒரு பொது இடத்தை எடுத்துக்கொண்டு, அது எப்படி வந்தது, எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று எழுத வேண்டும். மற்றவர்கள் நூலகம், மார்க்கெட், பேருந்து நிலையம் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தையே எடுத்துக்கொண்டேன். நகராட்சி விமான நிலையம்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் இன்று மதியம் நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த இடத்தின் கதையைக் கொஞ்சமாவது சொல்லாமல் இன்று நடந்ததைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்று தோன்றுகிறது. அந்த வரிசை சரியா என்றும் தெரியவில்லை. இருந்தாலும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் இது ஒரு போருக்காகப் போட்ட தளம். அவசர அவசரமாகப் போட்டார்கள். போர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு சில வருடங்கள் தபால் விமானம் வந்துபோனது. அதுவும் நின்றதும், ராணுவம் இதை நகராட்சியின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, சுடுகாடு என்று நகராட்சி பார்த்துக்கொள்ளும் வேலைகளின் வால் போல விமான நிலையமும் ஒட்டிக்கொண்டது. அதனால் இங்கே மேனேஜராக வருபவர் வேறு ஏதாவது பிரிவிலிருந்துதான் வருவார். இப்போது இருப்பவர் குடிநீர்ப் பிரிவிலிருந்து வந்தவர். நல்ல மனிதர். குழாய், வால்வு, தொட்டி என்று எல்லாவற்றுக்கும் சுத்தமாக எண் எழுதி வைத்தவர் என்று பேர் வாங்கியவர்.

பயன்கள் என்று பார்த்தால், நோயாளிகளைப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் சிறு விமானம் வருகிறது. வயல்களுக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் விமானம் ஒன்று இங்கேயே குடியிருக்கிறது. பறக்கக் கற்றுக்கொடுக்கும் சங்கம் ஒன்று உண்டு. அவர்களுக்கு மூன்று விமானங்கள்; அதில் ஒன்று எப்போதும் பிரித்துப் போட்டபடியே இருக்கும். விமானத்தோடு சம்பந்தமுள்ள பயன்கள் இவ்வளவுதான். மற்ற பயன்கள்தான் அதிகம். கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ரோடு ஊரில் கிடையாது. காலையில் நடக்கிறவர்கள், பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம், தீயணைப்பு ஒத்திகை, வேலியோரம் தோளோடு தோள் உரச உட்கார்ந்து பேசுகிறவர்கள். ஓடுதளத்தில் எந்த நேரமும் யாராவது இருப்பார்கள்.

அதற்காகத்தான் சங்கு. ரேடியோ அறையில் என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பித்தான். அழுத்தினால் கூரைமேல் சங்கு ஒரு நீள ஊதல் ஊதும். விமானம் ஒன்று வரப்போகிறது, அல்லது கிளம்பப்போகிறது, எல்லோரும் விலகுங்கள் என்று அர்த்தம். வருவதற்கு ஒரு ஊதல், கிளம்புவதற்கு வேறு ஊதல் என்று கிடையாது. விலகுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதானே என்று அந்தக் காலத்திலேயே விட்டுவிட்டார்கள்.

என் வேலையையும் சொல்ல வேண்டும். ரேடியோவில் பேசுவது நான்தான். ஆனால் இது பெரிய விமான நிலையங்களில் இருப்பது போன்ற கட்டுப்பாட்டு அறை இல்லை. காற்று எந்தப் பக்கம், எவ்வளவு பலம், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தகவல் மட்டும் சொல்லலாம். இறங்கு, இறங்காதே, திரும்பு என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. முடிவு ஓட்டுகிறவருடையது. இது எனக்குப் பொருத்தமான வேலை. எதையும் ஒன்றுக்கு இரண்டு தரம் பார்க்காமல் நான் சொல்வதில்லை. அதனால் இங்கே எல்லோரும் என்னை 'ரெண்டுதரம்' என்று கூப்பிடுகிறார்கள். கோபம் வந்தால் மேனேஜர் அதையே 'ரெண்டாந்தரம்' என்று நீட்டுவார்.

இன்று காலை சித்தி தனியாகக் கிளம்பினாள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. நகராட்சி பஸ் ஓட்டுகிறாள். "பஸ் ஓட்டி ஓட்டி அலுத்துப்போச்சுடா. எப்ப பாத்தாலும் முன்னாடி எவனாவது போய்க்கிட்டே இருக்கான்" என்று சொல்லித்தான் பறக்கும் சங்கத்தில் சேர்ந்தாள். தனியாக இன்னொரு ஊர் விமான நிலையம் வரை போய், அங்கே இறங்கி, திரும்பி வர வேண்டும். அதை முடித்தால் உரிமம் கிடைத்த மாதிரிதான். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர் முன்கூட்டியே காரில் அந்த ஊருக்குப் போய்விட்டார், அவள் இறங்குவதைப் பார்க்க.

அம்மா நேற்றே எனக்கு உத்தரவு போட்டுவிட்டாள். "அவ மேல இருக்கிற வரைக்கும் நீ ரேடியோவ விட்டு நகரக் கூடாது. ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிக்கோ."

எங்கள் ஓடுதளத்துக்குப் போன மாதம்தான் புதிதாகத் தார் போட்டார்கள். கறுப்பாக, வெறுமையாக இருந்தது. இரண்டு முனைகளிலும் எழுத வேண்டிய பெரிய எண்களை இன்னும் எழுதவில்லை. நாளை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்பதால் இன்று எழுத ஏற்பாடு. சித்தி கிளம்பும்போது மேனேஜர் விமானத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சொன்னார்.

"நீங்க திரும்பி வரும்போது புது நம்பர் பளபளன்னு இருக்கும்மா. அதைப் பாத்து இறங்கப்போற முதல் ஆள் நீங்கதான்."

"அப்ப ரிப்பன் கட்டி வைங்க சார். வெட்டிட்டு இறங்கறேன்" என்றாள் சித்தி.

அவள் போன பிறகு பெயின்டர் வந்தார். நகராட்சியின் எல்லாப் பெயர்ப்பலகைகளும் அவர் கைவண்ணம்தான். போர்டுக்காரர் என்றால்தான் தெரியும். ரேடியோ அறை வாசலில் டப்பாக்களை இறக்கிவிட்டு மேனேஜரிடம் கேட்டார்.

"சார், ஒன்பது எந்தப் பக்கம், இருபத்தேழு எந்தப் பக்கம்?"

"ஒன்பதுன்னா கிழக்கு. இருபத்தேழு மேற்கு. திசைகாட்டியப் பாத்து வெச்ச நம்பர்யா, நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது."

"அப்ப கிழக்கு மூலைல ஒன்பது போட்டுடறேன்."

"வேற எங்க போடுவ? கிழக்கு வால்வுல கிழக்குன்னுதானே எழுதுவோம்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "என்ன ரெண்டுதரம், சரிதானே?"

நான் சுவரில் மாட்டியிருந்த திசைகாட்டி வட்டத்தைப் பார்த்தேன். தொண்ணூறு டிகிரி கிழக்கு; கடைசிப் பூஜ்யத்தை விட்டால் ஒன்பது. மறுபடி பார்த்தேன். இருபத்தேழு, மேற்கு. "சரிதான் சார்" என்றேன்.

இங்கேதான் தவறு நடந்தது. மேனேஜர் திசையைப் பற்றிச் சொன்னது சரி. நான் வட்டத்தில் சரிபார்த்த திசையும் சரி; எந்த முனை என்று நான் யோசிக்கவில்லை. ஆனால் ஓடுதளத்தில் எழுதும் எண், அந்த முனை எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அந்த முனையில் இறங்கும் விமானத்தின் மூக்கு எந்தத் திசையைப் பார்க்கும் என்பதைச் சொல்கிறது. மேற்கு முனையில் வந்து இறங்குகிற விமானம் கிழக்கைப் பார்த்துத்தான் ஓடும். ஆகவே ஒன்பதை மேற்கு முனையில் எழுத வேண்டும், இருபத்தேழைக் கிழக்கு முனையில். போர்டுக்காரர் இரண்டையும் அழகாக இடம் மாற்றி எழுதிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். எண்கள் தரையில் படுத்துக் கிடப்பவை. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோடு போலத்தான் தெரியும்.

மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று பிடித்துக்கொண்டது. புழுதி எழுந்து ஊரையே மறைத்துவிட்டது. காற்று மேற்கிலிருந்து வந்தால் விமானங்களும் மேற்கைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும், மேற்கைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். காற்று முகத்தில் அடிக்க வேண்டும். முதுகில் தள்ளக் கூடாது. அதாவது எல்லோரும் கிழக்கு முனையிலிருந்து, இருபத்தேழு.

ரேடியோவில் சித்தி குரல் கேட்டது. ரேடியோவில் அவள் 'பயிற்சி மூன்று'. நான் 'நிலையம்'. அங்கே சித்தியும் கிடையாது, மகனும் கிடையாது.

"நிலையம், பயிற்சி மூணு. ஊர்கிட்ட வந்துட்டேன்னு நினைக்கிறேன். ஒரே புழுதி. தண்ணித் தொட்டியக் கூட காணோம்."

"பயிற்சி மூன்று, காற்று மேற்கிலிருந்து, பலமாக. இருபத்தேழு பயன்பாட்டில்" என்றேன்.

"இருபத்தேழு. சரி."

அவள் வட்டமடிக்கிற சத்தம் தூரத்தில் கேட்டது. ஒருமுறை வடக்கே கேட்டது போல இருந்தது, ஒருமுறை தெற்கே. புழுதியில் சத்தத்துக்கும் திசை கிடையாது. ஜன்னலைத் திறந்தேன். மண் உள்ளே வந்தது. மூடினேன்.

"நிலையம்! ரன்வே தெரியுது. நம்பர் தெரியுது. இருபத்தேழு. பளிச்சுன்னு இருக்குன்னு சார்கிட்ட சொல்லுங்க."

அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்கும் தொற்றிக்கொண்டது. கிழக்கு முனையில் கொட்டகைக்கு வெளியே மருந்து விமானத்தில் டிரம்மிலிருந்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதை ஓட்டுகிறவரை மருந்துக்காரர் என்போம். ஆற்றுக்குத் தெற்கேயிருக்கும் வயல்களுக்கெல்லாம் அவர்தான். ரேடியோ அவர் விமானத்தில் இருக்கிறது. ஹெட்போன் போட்டால் காது வலிக்கிறது என்று அதை ஒரு கொக்கியில் மாட்டிவைத்திருப்பார். அவருக்குச் சங்குதான் ரேடியோ. கொட்டகையிலிருந்து கையை ஆட்டுவார், நான் ஊதுவேன், அவர் கிளம்புவார்.

"இருபத்தேழுக்கு நேரா வந்துட்டேன். இறங்கறேன்" என்றாள் சித்தி.

நான் சங்கை ஊதினேன். ஓடுதளத்தில் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு பழகுநர் கார் இரண்டு தரம் குலுங்கி, பிறகு புல்லுக்குள் ஒதுங்கியது. தொலைநோக்கியை எடுத்துக் கிழக்கே பார்த்தேன். அவள் கிழக்கிலிருந்து வர வேண்டும். விளக்கு தெரிய வேண்டும். புழுதிதான் தெரிந்தது. என் கண்மேல் எனக்கு என்றைக்குமே பெரிய நம்பிக்கை கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

மருந்து விமானம் கொட்டகையிலிருந்து நகர்ந்து ஓடுதளத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அவர் கை ஆட்டியிருக்கிறார். அல்லது ஆட்டப்போகும்போதே சங்கு கேட்டிருக்கிறது. தனக்குத்தான் ஊதினேன் என்று நினைத்துவிட்டார். கிழக்கு முனையில் ஏறி, மேற்கைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

சித்தி அவர் தலைமேல் வந்து இறங்கப்போகிறாள் என்று நினைத்தேன். தகவல் சொல்லலாம். அது என் வேலைதான்.

"பயிற்சி மூன்று, தகவல். இருபத்தேழு முனையில் மருந்து விமானம் நிற்கிறது. எண்ணுக்கு மேலேயே நிற்கிறது."

"எங்க?"

"எண்ணுக்கு மேலே."

"இல்லையே. நம்பர் மேல ஒண்ணும் இல்ல. காலியா இருக்கு."

தொலைநோக்கியில் பார்த்தேன். மஞ்சள் விமானம், புதுப் பெயின்ட்டின் மேல் சக்கரத்தை வைத்துக்கொண்டு, நடுங்கியபடி நின்றது. கண்ணாடி வழியாக அவர் தொப்பிகூடத் தெரிந்தது.

"பயிற்சி மூன்று, மறுபடி சொல்கிறேன். விமானம் நிற்கிறது."

"நிலையம், நல்லா பாருங்க. எனக்கு ஏழோட கால் வரைக்கும் தெரியுது. ஒரு காக்கா கூட இல்ல."

அவள் பொய் சொல்ல மாட்டாள். என் கண்ணும் இந்த ஒருமுறை பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே எண்ணைப் பார்க்கிறோம் என்றால் இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். ஆகவே ஒரே எண்ணைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது நிதானமாக இருக்கிறது. அப்போது இது ஒரு யோசனையாக வரவில்லை. வாசலில் டப்பாக்களோடு நின்ற போர்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். 'அப்ப கிழக்கு மூலைல ஒன்பது.'

நாற்காலியோடு மேற்குப் பக்கம் திரும்பினேன். புழுதிக்குள் ஒரு விளக்கு. தாழ்வாக. நேராக ஓடுதளத்தை நோக்கி.

கிழக்கு முனையில் என்ஜின் சத்தம் உயர்ந்தது. மருந்து விமானம் ஓடத் தொடங்கியது.

ரேடியோவில் மருந்துக்காரரைக் கூப்பிட்டேன். ஹெட்போன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். பதில் இல்லை. கை சங்குப் பித்தானுக்குப் போனது. ஊதினால் அவருக்கு என்ன அர்த்தம்? ரன்வே காலி, போகலாம். கையை இழுத்துக்கொண்டேன். அவர் வயிறு நிறைய மருந்தோடு ஓடுகிறார். பாதி தூரம் தாண்டிவிட்டால் அவரே நினைத்தாலும் நிறுத்த முடியாது. கேட்கக்கூடியவள் ஒருத்திதான்.

மேலே ஏறு என்று சொல்லலாம். ஆனால் அவரும் ஏறிக்கொண்டுதான் இருப்பார். இரண்டு பேரும் ஒரே கோட்டில் ஏறினால் சந்திப்பு மேலே நடக்கும், அவ்வளவுதான். எதிரெதிரே வந்தால் வலது பக்கம் ஒதுங்கு என்பது விதி. வலது என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அங்கேயே நின்றது. இரண்டு பேரும் ஒதுங்கினால்தான் அந்த விதி. மருந்துக்காரருக்கு அவள் வருவதே தெரியாது. அவர் தரையை விட்டதும், தினமும் செய்கிற மாதிரி, ஆற்றுப் பக்கம், தெற்கே சாய்ந்துவிடுவார். கிழக்கைப் பார்த்து வருகிற சித்திக்கு வலது என்றால் தெற்கு. நானே அவளை அவர் இறக்கையில் கொண்டுபோய் வைத்த மாதிரி ஆகும்.

"சித்தி!" என்றேன். ரேடியோவில் முதல் தடவையாக. "இறங்காதே. முழு பவர் குடு. இடது பக்கம் திரும்பு."

"என்ன? வலதா?"

"இடது! சித்தி, இடது! என் பக்கம் வா! வா, வா, என் பக்கம் வா!"

விளக்கு அசையவில்லை. அவள் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. பஸ்ஸில் பின்னாலிருந்து எவனாவது கத்தினால் அவள் கேட்டதே கிடையாது. பிறகு விளக்கு சாய்ந்தது. இறக்கையின் அடிப்பக்கம் முழுவதும் எனக்குக் காட்டியபடி, அந்தச் சின்ன வெள்ளை விமானம் ஓடுதளத்திலிருந்து பிய்த்துக்கொண்டு என் ஜன்னலை நோக்கி வந்தது. அதற்குப் பின்னால், அவள் அந்த நொடி வரை இருந்த இடத்தில், மஞ்சள் விமானம் புழுதியைக் கிழித்துக்கொண்டு மேலெழுந்து, தெற்கே சாய்ந்தது. இரண்டையும் ஒரே ஜன்னல் சட்டத்துக்குள் பார்த்தேன். நடுவில் வானம் தெரிந்ததா என்று கேட்டால் தெரிந்தது என்றுதான் சொல்வேன். எவ்வளவு என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

சித்தி எங்கள் கூரைக்கு மேல் போனாள். தகரம் அதிர்ந்தது. சுவரிலிருந்த திசைகாட்டி வட்டம் ஆணியோடு கீழே விழுந்தது.

மருந்துக்காரர் ஆற்றைத் தாண்டி, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ரேடியோவில் இரைச்சல். பிறகு மெதுவாக ஒரு குரல்.

"நான் இப்ப எங்க இருக்கேன்?"

"வடக்கே. எங்க கூரையைத் தாண்டிட்டே. நேராப் போ, கொஞ்சம் ஏறிக்கோ. திசைகாட்டி என்ன சொல்லுது?"

"அது அப்பவே எதிர்ப்பக்கமாத்தான் காட்டிச்சு. சுத்திக்கிட்டே இருந்ததால ஆடுதுன்னு நினைச்சேன். கண்ணாடிய ரெண்டு தட்டு தட்டினேன்."

"அதுதான் சரி. நம்பரைப் பாக்காதே. ரெண்டையும் மாத்தி எழுதியிருக்காங்க."

"யாரு?"

"இறங்கி வந்து கேட்டுக்கோ. இப்ப கிழக்குப் பக்கமா சுத்தி வா. கம்பத்துல கட்டின காத்துப்பை எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்குன்னு பாரு. அது உன்னைப் பாத்து நீட்டணும். ரன்வேல இப்ப யாரும் இல்ல. நான் ரெண்டு தரம் பாத்துட்டேன்."

"மூணாவது தரமும் பாத்துடு" என்றாள்.

பார்த்தேன். அவள் கேட்டதற்காக மட்டுமில்லை.

அவள் கிழக்கிலிருந்து வந்தாள். ஒன்பது என்று எழுதியிருந்த இடத்தில் இறங்கினாள். சக்கரம் பட்டு, துள்ளி, மறுபடி பட்டது. நான் ரேடியோவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"இடதுன்னு சொன்னியே? திரும்புன்னு சொன்னியே? நாம தகவல் மட்டுந்தானேடா சொல்லணும்! நாளைக்கு ஆய்வு!" என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார், நம்பர் மாறியிருக்கு."

"எது மாறியிருக்கு? நீயே சரின்னு சொன்னே!"

"சொன்னேன் சார்."

சித்தி என்ஜினை அணைத்திருந்தாள். ஆனால் இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தன. கதவைத் திறந்து கையைத் தொட்டேன். விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது. இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். முகம் முழுக்க வியர்வை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

மேனேஜர் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. "கிழக்கு கிழக்குலதானேம்மா இருக்கும்? அது எப்படி மேற்குல போய் இருக்கும்?" என்று கேட்டார். அவர் குரலில் திமிர் எதுவும் இல்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். "சார், என் பஸ் டிப்போவுல நிக்குது. நெத்தில என்ன போர்டு இருக்கும்? டிப்போன்னா?"

"இல்ல. எந்த ஊருக்குப் போகுதோ அந்த ஊரு."

"அவ்வளவுதான் சார்."

மேனேஜர் ஓடுதளத்தின் ஒரு முனையைப் பார்த்தார்; மறுமுனையைப் பார்த்தார். பிறகு அங்கேயே, புல்லில், சித்திக்குக் கொஞ்சம் தள்ளி அவரும் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து போர்டுக்காரரைக் கூப்பிட்டார். கறுப்புப் பெயின்ட் கொண்டுவா என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கேள்வி வந்தது. "உன் தப்பு இல்லய்யா. நீ வா" என்றார்.

பயிற்சியாளர் காரில் வந்து சேர்ந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு கேள்விதான் கேட்டார். திசைகாட்டியைப் பார்த்தாயா? பார்த்தேன் என்றாள் சித்தி. நம்பினாயா? இல்லை என்றாள். அப்படியென்றால் இந்தப் பயணம் கணக்கில் சேராது, இன்னொரு நாள் மறுபடி போக வேண்டும் என்றார். அவள் மேல் எரிச்சல் இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. எழுதினவர்கள் பிழைக்கு அவள் ஏன் மறுபடி போக வேண்டும் என்று கேட்டேன். சித்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "விடுடா. என் பக்கத்துல உக்காந்து அது சரியாத்தான் சொல்லிக்கிட்டிருந்துச்சு. நான்தான் அதைத் தட்டித் தட்டி வாயை மூட வெச்சேன்."

நான் செய்ததும் தவறுதான். அனுமதியில்லாமல் திரும்பு என்று சொன்னேன். அதை மேலே எழுதி அனுப்ப வேண்டும். மேனேஜர், "நான் சொல்லித்தான் நீ சொன்னேன்னு எழுதிடு" என்றார். அது உண்மை இல்லை சார் என்றேன். "நம்பர எழுதச் சொன்னது நான்தானே, அந்தக் கணக்குல எழுது" என்றார். என்ன எழுதப்போகிறேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இடது என்று சொன்னதைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. இது எனக்குப் புதிதாக இருக்கிறது.

ரேடியோ அறையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மருந்துக்காரர் வந்தார். தெளித்து முடித்து, காற்றுப் பையைப் பார்த்து வழக்கம்போல இறங்கி, கையில் தொப்பியோடு, உடம்பெல்லாம் மருந்து வாடையோடு.

"என்னப்பா, எல்லாரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? டீ மிச்சம் இருக்கா?" என்றார். ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். "ஆமா, நான் கிளம்பறப்ப வடக்குப் பக்கமா ஒரு வெள்ளை பிளேன் போச்சே? வாலை மட்டுந்தான் பாத்தேன். யாரது, இவ்வளவு கீழ வந்து விளையாடறது?"

"நான்தாண்ணே" என்றாள் சித்தி.

"நீயா? எங்கேருந்து வந்தே?"

"உங்களுக்கு நேரெதிர்லேருந்து."

அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். பயிற்சியாளர் சுருக்கமாக, யார் எங்கே இருந்தார்கள் என்று சொன்னார். மருந்துக்காரர் டம்ளரை மேஜைமேல் வைத்தார். வைக்கும்போது டீ சிந்தியது.

"சேச்சே. அவ்வளவு கிட்டவா? இருக்காது. ஒரு இவ்வளவு தூரமாவது இருந்திருக்கும்" என்று இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார்.

சித்தி எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். விரித்த கைகளின் மணிக்கட்டுகளைப் பிடித்தாள். மெதுவாக உள்ளே தள்ளினாள். அவர் கைகள் நெருங்கின. இன்னும் தள்ளினாள். அவர் போதும் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஒரு டீ டம்ளர் நிற்கும் அளவுக்கு இடம் வந்ததும் சித்தி நிறுத்தினாள்.

"இவ்வளவுதாண்ணே" என்றாள்.

அவள் விட்ட பிறகும் அவர் கைகளை அப்படியே வைத்திருந்தார்.